வன்னியில் நீண்டகாலப் படப்பணி: உங்களுக்கென்று விதி எழுதிக்கொள்வது எப்படி

இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு ஊரையோ ஒரு தொழிலையோ வருடக்கணக்கில் படம் எடுத்துத் தொகுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். அவர்கள் முதலில் கேட்பது எந்தக் கமெரா வாங்குவது, எந்த லென்ஸ் நல்லது என்றுதான். கையில் இருக்கிற கமெரா போதும், போன் என்றாலும் போதும். அதற்கு முதல் ஒரு கொப்பியை எடுத்து, இந்த வேலையில் நான் எதை எடுப்பேன், எதை எடுக்கவே மாட்டேன், எடுத்ததை யாருக்குக் காட்டுவேன், யார் கேட்டால் அழிப்பேன் என்று எழுதுங்கள். இதை வீட்டில் இருந்தே எழுத வேண்டும். இடத்துக்குப் போன பிறகு யோசிக்கலாம் என்று விட்டால் மனம் எப்போதும் ஒரு நியாயம் கண்டுபிடித்துவிடும். ஒரு தாய் மகனுடைய படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழும்போது, பின்னால் மாலை வெயிலும் சரியாக விழும்போது, “இதை உலகம் பார்க்க வேண்டும்” என்று உள்ளே ஒரு குரல் கட்டாயம் சொல்லும். அந்தக் குரல் சில வேளை சரியாகவும் இருக்கும். ஆனால் அந்த நிமிடத்தில் அதைச் சரிபார்க்க உங்களுக்கு நேரம் இருக்காது.

முதலில் எல்லையைக் குறியுங்கள்

“வன்னியின் வாழ்க்கை” என்று ஒரு தலைப்பை வைத்துக்கொண்டு கிளம்பினால் பரந்தனில் ஒன்று, மல்லாவியில் ஒன்று, முல்லைத்தீவுக் கரையில் ஒன்று என்று சிதறிப்போகும். வருட முடிவில் கையில் நல்ல படங்கள் இருக்கும், அவை ஒன்றோடொன்று பேசாது. அதனால் முதல் விதி இடத்தையும் காலத்தையும் பற்றியதாக இருக்கட்டும். நான் எல்லோருக்கும் சொல்வது ஒரு குளம், ஒரு போகம். ஒரு சின்னக் குளத்தைத் தெரிவு செய்யுங்கள், இரணைமடுவோ முத்தையன்கட்டோ போலப் பெரியது வேண்டாம். ஐப்பசி மழைக்கு முந்திய புழுதி விதைப்பில் தொடங்கி, குளம் நிரம்பி வான் பாய்வது, யானைக்குக் காவல் இருக்கிற பரண், தை மாசியில் மிசின் வந்து வெட்டுவது, வெட்டின நெல்லை வீதியில் பரப்பிக் காயவைப்பது, பிறகு சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் விடலாம் என்று கூட்டம் வைத்துச் சண்டை பிடிப்பது வரைக்கும் ஒரே ஊரில் நில்லுங்கள். அந்தச் சிறுபோகக் கூட்டத்தைத் தவற விடாதீர்கள். யாருக்குக் காணி இருக்கிறது, யார் குத்தகைக்குச் செய்கிறார்கள், யாருடைய வார்த்தை எடுபடுகிறது எல்லாம் அந்த ஒரு மண்டபத்துக்குள் தெரியும். அங்கே படம் எடுக்கலாமா என்று கமக்கார அமைப்பின் தலைவரிடமும் செயலாளரிடமும் முதல் நாளே கேட்டு வையுங்கள்.

கருவிக்கும் ஒரு எல்லை வைக்கலாம். 35 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு முழுப் போகத்தையும் எடுப்பது நல்ல விதி, ஏனென்றால் அதில் ஒரு ஆளின் முகம் பெரிதாக வர வேண்டும் என்றால் நீங்கள் கிட்டப் போயே ஆக வேண்டும், கிட்டப் போனால் கதைக்காமல் இருக்க முடியாது. தூரத்தில் நின்று இழுத்து எடுக்கிற பெரிய சூம் லென்ஸை இந்த மண்ணில் நான் விரும்பவில்லை. தூரத்தில் இருந்து தங்களை யாரோ பார்த்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இங்கே உள்ளவர்களுக்கு இருந்தது. போனில் எடுப்பவர்கள் சூம் செய்வதில்லை என்று வைத்துக்கொண்டால் சரி.

நிறமா கறுப்பு வெள்ளையா என்பதையும் முதலே முடிவு செய்யுங்கள். நான் நிறம் என்றுதான் சொல்வேன். கறுப்பு வெள்ளையில் போட்டவுடன் நேற்று எடுத்த படமும் போர் முடிந்த 2009 போலத் தெரிகிறது, வன்னி என்றால் துயரம் என்று பார்க்கிறவருக்கு ஏற்கனவே இருக்கிற எண்ணத்துக்கு அது தீனி போடுகிறது. கிரவல் வீதியின் சிவப்பு, கதிர் வருவதற்கு முதல் பயிர் குடலையாகிற நேரத்துப் பச்சை, முற்றத்தில் காய்கிற பள்ளிக்கூட உடுப்பின் வெள்ளை, இவையெல்லாம் தகவல்கள். தகவலைக் கழிக்க ஒரு காரணம் வேண்டும்.

“ஓம்” என்று சொன்னால் போதுமா

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய விடயம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வன்னியில் ஒரு வீட்டு முற்றத்தில் கமெராவோடு போய் நின்றால் அனேகமாக யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். கதிரை போடுவார்கள், தேத்தண்ணி தருவார்கள், பிள்ளையைக் கூப்பிட்டுத் தலை இழுத்துவிட்டுப் பக்கத்தில் நிறுத்துவார்கள். இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2004 கடற்கோளுக்குப் பிறகு கரையோரம் முழுக்க, பிறகு போர் முடிந்தபோது செட்டிகுளத்து அகதி முகாம்களில், பிறகு மீள்குடியேறின காலத்தில் தறப்பாள் கொட்டிலுக்கு முன்னால், பிறகு வீட்டுத்திட்டத்தில் அத்திவாரம் போட்ட நாள், சுவர் எழும்பின நாள், கூரை போட்ட நாள் என்று ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் வந்து இவர்களைப் படம் எடுத்திருக்கிறார்கள். படம் எடுத்தால்தான் அடுத்த கட்டக் காசு வரும் என்ற அனுபவம் இருக்கிறது. ஆகவே கமெராவைக் கண்டவுடன் எழும்பி நேராக நிற்பது பழகிப்போன ஒன்று. அந்த நிற்கையில் ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது, அதை நீங்கள் தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் அது பிழை.

இப்படித்தான் கேட்பார்கள்:

“என்ன தம்பி, வீட்டுத்திட்டத்துக்குப் பதியிறியளோ?”

“இல்லையம்மா. நான் ஒரு நிறுவனத்திலயும் இல்லை. என்னால ஒரு உதவியும் வராது. இந்தக் குளத்துச் சனத்தின்ர வாழ்க்கையைப் படமா எடுத்து வைக்க வேணும் எண்டு வந்தனான்.”

“அப்ப ஆருக்குக் காட்டுவியள்?”

இந்தக் கடைசிக் கேள்விக்கு உங்களிடம் நேரான பதில் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு கண்காட்சி, பேஸ்புக், வெளிநாட்டுப் பத்திரிகை, ஒரு புத்தகம், எதுவென்றாலும் அதைச் சொல்லுங்கள். இன்னும் தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்லி, தெரிந்த பிறகு வந்து திரும்பக் கேட்பேன் என்று சொல்லுங்கள், அப்படிச் சொன்னால் திரும்பப் போய்க் கேளுங்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற சொந்தக்காரர் இந்தப் படத்தைப் பார்க்கக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல பேருக்கு முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரன் பார்ப்பது ஒரு பிரச்சினையே இல்லை, கனடாவில் இருக்கிற மச்சாள் தன்னைக் கிழிஞ்ச சட்டையோடு பார்ப்பதுதான் பிரச்சினை. அது நியாயமான கவலை. உடுப்பு மாற்றிக்கொண்டு வர நேரம் கேட்டால் கொடுங்கள், “இயல்பாக இருங்கோ” என்று சொல்லித் தடுக்காதீர்கள்.

இதிலிருந்து வருகிற விதிகளை நான் இப்படி எழுதுவேன். முதல் தடவை ஒரு வீட்டுக்குக் கமெரா இல்லாமல் போவது. “உதவி வராது” என்ற வசனத்தைப் படம் எடுப்பதற்கு முதல் சொல்வது. கிராம அலுவலரோடோ சங்கத் தலைவரோடோ சேர்ந்து ஒரு வீட்டுக்குப் போகாதிருப்பது, ஏனென்றால் அவருடைய கையில் பெயர்ப்பட்டியல் இருக்கிறது, அவருக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்வது சுலபம் இல்லை. ஊருக்குள் வந்திருக்கிறேன் என்று அவரிடம் தனியாகப் போய்ச் சொல்லுங்கள், அது மரியாதை. வீட்டுக்குத் தனியாகப் போங்கள்.

இப்போது கொஞ்சக் காலமாக வறுமைப்பட்ட குடும்பங்களை வீடியோ எடுத்து, அழவைத்து, காசுக் கட்டைக் கையில் கொடுக்கிற நேரத்தையும் எடுத்துப் போடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். காசு தேவைப்படுகிற வீட்டுக்கு அது போய்ச் சேருகிறது என்பது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது வகுப்பில் எல்லோரும் அந்த வீடியோவைப் பார்த்திருப்பார்கள். உங்கள் கொப்பியில் இப்படி ஒரு வரி இருக்கட்டும்: யாரும் யாரிடமும் கை நீட்டுகிற படம் என் தொகுப்பில் இருக்காது.

காசு பற்றிய விதியும் முதலே வேண்டும். படத்துக்குக் காசு கொடுப்பதில்லை என்று வைத்தால் எல்லா வீட்டுக்கும் அப்படியே வையுங்கள். ஒரு வீட்டுக்குக் கொடுத்து மற்ற வீட்டுக்குக் கொடுக்காமல் விட்டால் அந்த ஊரில் அயலுக்குள் மனத்தாபம் வரும், அதற்குக் காரணம் நீங்கள். குளத்து மீன் விற்கிறவரிடம் மீன் வாங்குவது, மரக்கறி வாங்குவது இதில் சேராது. படம் பிறகு எங்காவது விலைபோனால் அதில் ஒரு பங்கு யாருக்கு என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள், விலைபோன பிறகு மனம் மாறும்.

படத்தைத் திருப்பிக் கொடுப்பது

வன்னியில் ஒரு படம் என்ன பெறுமதி என்று விளங்க ஒரு வீட்டுச் சுவரைப் பாருங்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு இளந்தாரியின் படம். கோட்டும் ரையும் போட்டிருப்பார், பின்னால் நீலத் திரை. ஆனால் முகத்துக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு தெரியும், வெளிச்சம் இரண்டும் இரண்டு பக்கத்தால் விழும். அடையாள அட்டையில் இருந்த தபால் முத்திரை அளவு முகத்தை ஸ்ரூடியோவில் பெருப்பித்து, வேறு யாருடையதோ கோட்டில் ஒட்டிக் கொடுத்தது அது. அந்த வீட்டில் கல்யாண அல்பம் இருந்தது, பிள்ளைகளின் முதலாம் பிறந்தநாள் படம் இருந்தது. 2008, 2009-ல் மேற்கில் இருந்து கிழக்கே இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனதில் எல்லாம் எங்கேயோ ஒரு பங்கருக்குள் போய்விட்டது. மிஞ்சினது அடையாள அட்டை மட்டும்.

அந்தச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, பிரதி ஒன்றும் கொடுக்காமல் போகிற ஒருவரை அவர்கள் என்னவென்று நினைப்பார்கள்? ஆகவே இது விதி என்று நான் அடித்துச் சொல்வேன்: எடுத்த ஒவ்வொரு ஆளுக்கும் அச்சுப் பிரதி. வட்ஸ்அப்பில் அனுப்புவது போதாது, போன் உடைந்தால் போய்விடும். நல்ல தாளில் அச்சடித்து, பின்பக்கம் பென்சிலால் திகதியும் இடமும் எழுதி, மழைக்காலத்தில் ஊறாமல் பிளாஸ்ரிக் உறையில் போட்டுக் கொடுங்கள். நீங்கள் கண்காட்சிக்குத் தெரிவு செய்த படத்தைத்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லை. அவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் குடும்பமாக நேரே பார்த்து நிற்கிற படம். அதையும் எடுத்துக் கொடுங்கள், அந்தப் படம் உங்கள் தொகுப்புக்கு உரியது அல்ல என்று வையுங்கள். அடுத்த தடவை போகிறபோது முந்திய தடவைப் பிரதிகள் கையில் இருக்க வேண்டும், அது இல்லாமல் அந்த ஊருக்குப் போவதில்லை என்று விதியை இறுக்கினால் வேலை தானாகவே மெதுவாகும். மெதுவாவது நல்லது.

பழைய படம் ஒன்றைத் திரும்பப் படம் எடுத்து, கறையைத் துடைத்துப் பெருப்பித்துத் தரச் சொல்லிக் கேட்பார்கள். செய்து கொடுங்கள். ஆனால் அவர்கள் எடுத்துத் தருகிற படம் யாருடையது, அவர் எந்த உடுப்பில் இருக்கிறார் என்று பாருங்கள். சீருடையில் இருக்கிற படம் என்றால் அதன் பிரதி உங்கள் போனில் கிடப்பது உங்களுக்கும் அந்த வீட்டுக்கும் நல்லதில்லை. கொடுத்தவுடன் அழித்துவிடுங்கள்.

யாருக்கு ஆபத்து வரும் என்று முதலே யோசியுங்கள்

உங்களுக்கு வருகிற ஆபத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். படத்தில் இருக்கிறவர் அந்த ஊரிலேயே இருக்கப் போகிறவர், விசாரிக்கிறவர்கள் போவது அவருடைய படலைக்குத்தான். 1979-ல் தற்காலிகமாக என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ், நினைவேந்தல் பற்றி முகநூலில் போட்டதற்கே ஆட்களைப் பிடித்தார்கள். போருக்குப் பிறகு புனர்வாழ்வு முடித்து வந்த முன்னாள் போராளிகள் வன்னியில் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இப்போது கலியாணம், பிள்ளைகள், ஒரு கடை, ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மிசின் என்று வேறு வாழ்க்கை. ஒரு காயத் தழும்போ செயற்கைக் காலோ படத்தில் விழுந்தால் பார்க்கிறவர் தானாகவே ஒரு கதையை எழுதிக்கொள்வார். அந்தக் கால் ஷெல் விழுந்து போனதாக இருக்கலாம், மிதிவெடியில் போனதாக இருக்கலாம். எதுவென்றாலும் அதைக் காட்டுவதா இல்லையா என்பதை அவர் தீர்மானிக்கட்டும். அதைப் பற்றிக் கேட்கவில்லை என்றால் அந்தப் பகுதி சட்டகத்துக்கு வெளியே இருக்கும்படி நில்லுங்கள்.

நினைவு நாட்களுக்குத் தனி விதி எழுத வேண்டும். மே 18-ல் முள்ளிவாய்க்காலிலும் நவம்பர் 27-ல் மாவீரர் துயிலும் இல்லங்களிலும் விளக்கேற்றுகிற நேரத்தில் கமெராக்கள் முகத்துக்கு முன்னால் வந்து குவிகின்றன. ஒரு அம்மா மண்ணில் விழுந்து அழும்போது சுற்றிவர நாலைந்து பேர் குந்தியிருந்து எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வட்டத்தில் நான் ஒருவராக நிற்க மாட்டேன் என்று எழுதுங்கள். பின்னுக்கு நின்று எடுக்கலாம்: கைகள், விளக்கு, வரிசையாகக் கழற்றி விட்டிருக்கிற செருப்புகள், கஞ்சி வார்க்கிற கிடாரம், நேரம் முடிந்த பிறகு பஸ்சுக்குக் காத்திருக்கிறவர்கள். அடையாளம் தெரியாமல் எடுப்பது படத்தின் பலத்தைக் குறைக்கும் என்று நினைக்காதீர்கள், முகம் இல்லாத இடத்தில் கண் மற்றவற்றைக் கவனிக்கிறது.

இதற்கு மாறான நிலைமையும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20-ல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் பிள்ளையின் படத்தைக் கையில் ஏந்திக்கொண்டு இருப்பதே நீங்கள் எடுப்பதற்காக. எடுக்க வேண்டும், தெளிவாக எடுக்க வேண்டும், கையில் இருக்கிற படத்தில் உள்ள முகமும் பெயரும் வாசிக்கத்தக்கதாக விழ வேண்டும். அங்கே போய் “முகத்தைக் காட்டாமல் எடுக்கிறேன்” என்று உங்கள் விதியைக் கொண்டுபோய்த் திணிப்பது அவர்களுடைய போராட்டத்தை விளங்காத வேலை. ஆகவே ஒரு விதி எழுதும்போது அது யாருடைய நன்மைக்கு என்று பக்கத்தில் சிறிதாக எழுதி வையுங்கள். காரணம் பொருந்தாத இடத்தில் அந்த விதி நிற்காது.

மனிதப் புதைகுழி அகழ்கிற இடம், 2023-ல் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டும்போது கொக்குத்தொடுவாயில் தெரியவந்தது போன்றது, நீதிமன்றக் கண்காணிப்பில் இருக்கும். நீதவான் என்ன அனுமதிக்கிறாரோ அதற்குள் நிற்க வேண்டும், உடுப்பையோ எலும்பையோ கிட்டத்தில் எடுத்து உடனே போடுவது வேண்டவே வேண்டாம். அந்தச் சட்டையை அடையாளம் காணக்கூடிய ஒரு தாய் அதை முதல் தடவை போனில் பார்க்கக் கூடாது.

சின்னச் சின்னக் காவல் விதிகள் சில. போனில் இடக்குறிப்பை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் படத்துக்குள்ளேயே அந்த வீடு எங்கே இருக்கிறது என்பது பதிந்துவிடும். அன்றைய படத்தை அன்றே வேறு இடத்துக்கு மாற்றி, கமெராவுக்குள் பழைய படங்கள் இல்லாமல் போங்கள், யாராவது வாங்கிப் பார்த்தால் நேற்றுப் போன வீடு தெரியக் கூடாது. முகாம், காவலரண், சோதனைச் சாவடி எதையும் எடுக்காதீர்கள், பின்னணியில் விழுகிறது என்றால் இரண்டடி தள்ளி நில்லுங்கள். ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன, அவற்றைப் பார்க்காமல் மேலே விடாதீர்கள். அதைவிட, மேலே ஏதாவது இரைந்தால் இன்னும் நெஞ்சு படபடக்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்தக் காரணத்துக்காகவே நான் ட்ரோன் வேண்டாம் என்பேன்.

மிதிவெடி. மண்டையோட்டுக் குறி போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அங்கால் ஒரு அடியும் இல்லை. பலகை இல்லாத பற்றைக் காட்டிலும் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்குவதில்லை என்று வையுங்கள். படத்தைச் சட்டகத்துக்குள் கொண்டுவரப் பார்த்துக்கொண்டே பின்னுக்கு நடக்கிற பழக்கம் படம் எடுக்கிற எல்லோருக்கும் உண்டு. வன்னியில் அதை விட்டுவிடுங்கள்.

பிள்ளைகளை, பெற்றோர் அல்லது வளர்க்கிற ஆள் பக்கத்தில் இல்லாமல் எடுப்பதில்லை. பள்ளிக்கூடச் சின்னமும் ரையும் தெரிந்தால் பிள்ளை எங்கே படிக்கிறது என்பது தெரியும், அதையும் பாருங்கள். கோயிலுக்குள் மூலஸ்தானத்தை எடுப்பதில்லை. வற்றாப்பளை வைகாசிப் பொங்கல் போன்ற பெருந்திருவிழா என்றால் நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு எடுங்கள். செத்தவீட்டில் வெளிநாட்டுப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்காரரே வீடியோக்காரரைப் பிடித்திருப்பார்கள், உங்களையும் எடுக்கச் சொல்லலாம். எடுத்துக் கொடுங்கள், அது அந்தக் குடும்பத்தின் சொத்து.

பெயரும் குறிப்பும்

1936-ல் டொரொத்தியா லாங் என்ற அமெரிக்கப் படப்பிடிப்பாளர் கலிபோர்னியாவில் பட்டாணி பிடுங்கப் போன ஒரு தாயைப் பிள்ளைகளோடு எடுத்த படம் உலகம் முழுக்கப் போனது. லாங் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை, அதைத் தானே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 1978-ல் அந்தத் தாய், புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன், யாரென்று தெரியவந்தபோது, அந்தப் படத்தை எடுக்காமல் விட்டிருக்கலாம் என்றும் அதனால் தனக்கு ஒரு சதமும் வரவில்லை என்றும் சொன்னார். படம் நல்ல நோக்கத்தோடு எடுத்தது, அதைப் பார்த்து அந்த முகாமுக்குச் சாப்பாடும் போனது. ஆனாலும் படத்தில் இருந்தவருக்கு அப்படி இருந்தது.

அதனால் பெயரைக் கேளுங்கள், போடுவதா விடுவதா என்பதை அவரிடமே விடுங்கள். குறிப்பில் அந்த ஆள் இன்றைக்கு என்ன செய்கிறார் என்பது முதலில் வரட்டும். நெல்லு விதைக்கிற ஒருவரை “போரில் பாதிக்கப்பட்டவர்” என்று எழுதினால் அவருடைய பதினைந்து வருட உழைப்பை ஒரு வரியில் துடைத்துவிடுகிறீர்கள். “உங்களை எப்படி எழுத வேண்டும்?” என்று கேட்டால் அவர்களே சொல்வார்கள், அனேகமாகத் தொழிலையும் ஊரையும்தான் சொல்வார்கள். ஊர் என்று வந்தால் அதற்கும் பொறுமை வேண்டும். யாழ்ப்பாணத்தில் காணி இல்லாதவர்களைக் குடியேற்றத் தொடங்கிய 1936-ல் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, காடு வெட்டி, இன்னமும் சில பேர் காணி உறுதி இல்லாமல் இருக்கிறார்கள். பரம்பரையாக வன்னியிலேயே இருக்கிறவர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே குறிப்பு எழுத முடியாது. தூக்கிப் பிடிக்கிற சொல், “சோகம் ததும்பும் விழிகள்” மாதிரி, ஒன்றும் வேண்டாம்.

திருத்துவது பற்றி இரண்டு வரி போதும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம், நிறத்தைக் கண்ணால் கண்டபடி சரிசெய்யலாம். ஒன்றை அழிப்பதும் இல்லை, ஒன்றைச் சேர்ப்பதும் இல்லை, முகத்தை வெளுப்பதும் இல்லை, கணினியை வைத்துப் படத்தை உருவாக்குவது அறவே இல்லை. “ஒருக்கா திரும்பவும் அள்ளிப் போடுங்கோ அண்ணை” என்று செய்த வேலையைத் திரும்பச் செய்ய வைப்பதும் இல்லை. நேரே பார்த்து நிற்கச் சொல்லி எடுத்தால் அது பார்க்கிறவருக்குத் தெரியும், அது பரவாயில்லை.

விதியை மாற்றுவதும் படத்தை விலக்குவதும்

எழுதின விதிகளின் ஒரு பிரதியை வேறு ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். படம் எடுக்கிற இன்னொருவரை விட, நீங்கள் எடுக்கப் போகிற ஊரில் இருக்கிற, உங்களுக்கு முகத்துக்கு நேரே பேசக்கூடிய ஒரு அக்காவோ ஐயாவோ நல்லது. விதியை மாற்ற வேண்டி வரும், வராமல் இருக்காது. இடத்தில் நின்று மாற்றுவதில்லை, வீட்டுக்கு வந்து, திகதி போட்டு, ஏன் மாற்றுகிறேன் என்று எழுதி, அவருக்கும் சொல்லிவிட்டு மாற்றுங்கள். வெள்ளம் வந்த நேரம் எல்லா விதியும் ஒருபக்கம் போகும். 2018 மார்கழியில் இரணைமடுக் கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீருக்குள் கிடந்த மாதிரி ஒரு நாள் திரும்ப வந்தால், கமெராவைப் பைக்குள் வைத்துவிட்டுச் சாமான் தூக்குவது முதலா, எடுப்பது முதலா என்பதற்கும் ஒரு வரி எழுதி வையுங்கள். என்னுடைய வரி: தூக்க ஆள் போதாத வரைக்கும் தூக்குவது.

சம்மதத்தைத் திரும்பப் பெறுகிற வழியும் இருக்க வேண்டும். ஜப்பானில் மினமாட்டா ஊரில் தொழிற்சாலை கடலில் விட்ட பாதரச நஞ்சால் பிறவியிலேயே பாதிக்கப்பட்ட மகளைத் தாய் குளிப்பாட்டுகிற படத்தை யூஜின் ஸ்மித் என்ற அமெரிக்கப் படப்பிடிப்பாளர் 1971-ல் எடுத்தார், பெற்றோரின் சம்மதத்தோடு. அந்தப் படம் அந்த மக்களின் வழக்கை உலகத்துக்குச் சொன்னது. மகள் 1977-ல் இறந்தார். பல வருடங்களுக்குப் பிறகு, பிள்ளை இனி ஓய்வெடுக்கட்டும் என்று பெற்றோர் விரும்பியபோது, யூஜினோடு அங்கே சேர்ந்து வேலை செய்த, படத்தின் உரிமையை வைத்திருந்த அய்லின் ஸ்மித் 1998-ல் அதைப் பயன்பாட்டில் இருந்து விலக்கச் சம்மதித்தார். அவ்வளவு பெயர்பெற்ற படத்துக்கே அது முடியும் என்றால் உங்களுடைய படத்துக்கும் முடியும். எடுத்த ஒவ்வொரு வீட்டிலும் உங்கள் பெயரும் போன் இலக்கமும் எழுதின துண்டு ஒன்று இருக்கட்டும், அச்சுப் பிரதியின் பின்பக்கத்திலேயே எழுதிவிட்டால் தொலையாது. யாராவது எடுத்துவிடச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள், மகன் வெளிநாடு போகப் போகிறான், ஊரில் ஒரு கதை வந்துவிட்டது, ஆயிரம் காரணம் இருக்கும். ஏற்கனவே இணையத்தில் போன படத்தை முழுக்கத் திரும்ப எடுக்க முடியாது என்பதை முதல் நாளே அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியாக, எப்போது நிறுத்துவது என்றும் எழுதுங்கள். ஒரு போகம் என்று வைத்தால் அந்தப் போகத்து நெல் விற்றுக் கணக்கு முடிகிற வாரம் எடுப்பதை நிறுத்துங்கள். பிறகு தெரிவு செய்த படங்களை முதலில் அந்த ஊரிலேயே காட்டுங்கள், வாசிகசாலையிலோ கமக்கார அமைப்பின் மண்டபத்திலோ, சுவரில் கயிறு கட்டிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் போதும். பின்னேரம் வேலை முடிந்து வருகிற நேரமாக வையுங்கள், பெண்கள் வரக்கூடிய நேரமாக இருக்கட்டும். அங்கே ஒரு படத்தைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால் அதைக் கழற்றுங்கள், வெளியே போகிற தொகுப்பில் அது இருக்காது. ஒரு முழுத் தொகுதியை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு வீட்டில் வைத்துக்கொண்டு, அச்சடித்த ஒரு அல்பத்தை அந்த வாசிகசாலைக்குக் கொடுத்துவிடுங்கள். கறையான் வராத அலுமாரியாகப் பார்த்து வையுங்கள்.